மேகத்தை அடித்த பெட்டி

ஈ என்றால் வீட்டு ஈ இல்லை.
எள்ளை நாலாய்க் கிள்ளி
ஒரு துண்டுக்கு இறக்கை ஒட்டினால் வருமே, அது.
காளான் பையில் முட்டையிட்டால்
பத்தாம் நாள் தண்டுக்குள் துளை.
குன்னூர் ஓட்டல்காரர் ஒன்றைப் பிளந்து பார்த்தார்,
கூடையை என் பக்கம் தள்ளினார்,
பேசாமல் கைக்குட்டையில் விரல் துடைத்தார்.

அன்றைக்கே போய்
முனீரின் காயலான் கடையில் குனிந்தேன்.
செத்த கொசு மட்டை மூன்று, முப்பது ரூபாய்.
கம்ப்யூட்டரில் பிடுங்கிய விசிறி ஒன்று.
இழுத்து மூடிய சீட்டுக் கம்பெனியின்
கள்ளநோட்டு பார்க்கிற பெட்டி,
ஊதாக் குழல் உடையாமல்.
"நல்ல நோட்டு இதில் இருட்டாய்த்தான் கிடக்கும்க்கா,
நூலும் நம்பரும் மட்டும் மினுங்கும்.
முழுசாய் வெளுத்து ஒளிர்ந்தால் சந்தேகப்படு."
என் இருநூறைக் காட்டினேன்.
இருட்டாய்க் கிடந்தது. வாங்கிக்கொண்டார்.

மட்டையைப் பிளந்தால்
மொச்சைக்கொட்டை அளவு டிரான்ஸ்ஃபார்மர்,
ஆரஞ்சு மிட்டாய் மாதிரி கெப்பாசிட்டர்.
மூன்றில் ஒன்றுக்கு உயிர் இருந்தது.
முழங்கை வரைக்கும் அது எனக்குத் தெரிந்தது.
நான் சொன்ன வார்த்தைக்கு
மேல்வீட்டு எஸ்தர் சன்னலைத் திறந்து
"யாரை?" என்று கேட்டாள்.

மட்டையின் வலைக்கண்ணுக்குள் என் ஈ
சந்தைக்குப் போவதுபோல் போய்த் திரும்பும்.
அதனால் புது வலை.
சிலேட்டுச் சட்டத்தில் துளையிட்டு
சைக்கிள் பிரேக் கம்பியை இழை இழையாய்ப் பிரித்து
இழுத்துக் கட்டினேன்.
இரண்டு இழைக்கு நடுவே
ஒரு தீக்குச்சி நுழைகிற இடம்.
ஒன்று விட்டு ஒன்று சிவப்பு வயருக்கு,
மிச்சம் கறுப்புக்கு.

ஏழு மணிக்கு சுவிட்சைப் போட்டேன்.
சட்.
கை தட்டினேன், கொட்டகையில் தனியாக.
சட். சட். சடசட.
இருநூறு வரை எண்ணினேன்.
வீட்டில் வந்து படுத்தும் கேட்டது,
எங்கோ யாரோ கடுகு தாளிப்பதுபோல்.
பல மாதம் கழித்து
அந்தச் சத்தத்தில் நன்றாகத் தூங்கினேன்.

விடிந்து பார்த்தால் தட்டில்
மூன்று ஈ.
ஒரு அந்துப்பூச்சியின் அரை இறக்கை.
மற்றபடி ஈரம்.

கேத்திப் பள்ளத்திலிருந்து ஏறிய மஞ்சு
வென்டிலேட்டர் வழியே வந்து
கம்பிக்குக் கம்பி துளியாய்க் கோத்து
ராவெல்லாம் தானாய் வெடித்திருக்கிறது.
நான் கேட்டுத் தூங்கியது
ஒரு மேகத்தை அடிக்கிற சத்தம்.
அதற்கு ஒன்றும் ஆகவில்லை.
கொட்டகை வாசலில் முழுசாய் நின்றது,
உள்ளே வரலாமா என்பதுபோல்.

கம்பியை அறுத்துப் போட்டேன்.
விளக்கு இருக்கட்டும். அதன்கீழ் விசிறி,
காற்றைக் கீழே இழுக்கிற மாதிரி.
வாயில் ஒரு வலை வேண்டும் என்றேன்.
கான்வென்ட் போகும் மகளின் கிழிந்த நைலான் காலுறையை
எஸ்தர் சன்னலிலிருந்தே எறிந்தாள்.
கிழிசலைத் தைத்துக் கட்டினேன்.

இரண்டாம் ராத்திரி சத்தமே இல்லை.
அதனால் தூக்கமும் இல்லை.
மூன்று மணிக்கு டார்ச்சோடு போனேன்.
காற்று நிறைந்த காலுறை
யாரோ நடக்கப் போகிற கால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.
கட்டைவிரல் பக்கம்
கறுப்பாய் ஒரு பிடி.
பிடிக்குள் அசைவு.

கம்பி இருந்தால் அதுவே கொன்றிருக்கும்.
இப்போது வாளியில் சோப்புத் தண்ணீர் கரைத்து
நான்தான் முக்க வேண்டும்.
முக்கினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு,
முதல் நாள் மட்டும்.

ஐந்து வாரம் கழித்து ஓட்டல்காரர் வந்தார்.
பிளந்தார். பிளந்தார். இன்னொன்றும் பிளந்தார்.
பன்னிரண்டு கிலோ எடுத்துக்கொண்டு
ஐந்நூறு ரூபாயாய் எண்ணி வைத்தார்.

ஜீப் வளைவு திரும்பிய பிறகு
சும்மாத்தான்,
ஒவ்வொரு தாளாய் ஊதா வெளிச்சத்தில் காட்டினேன்.
மூன்று இருட்டாய்க் கிடந்தன.
நாலாவது
முழுசாய், வெள்ளை வெளேரென்று, நிலா மாதிரி.

விசிறியை ஏமாற்றித் தப்பிய இரண்டு ஈ
நேராக வந்து
அதன்மேல் உட்கார்ந்தன.